ஹெல்ப்லைனும் இருந்தது, டார்கெட்டும் இருந்தது: பிரான்ஸ் டெலிகாம், ஒரு நிகழ்வு ஆய்வு

ஊழியர் மனநலம் என்று பேச்சை எடுத்தாலே பல அலுவலகங்களில் உடனே வருவது ஒரு கவுன்சலிங் எண், எப்போதாவது ஒரு யோகா வகுப்பு, அப்புறம் ஹெச்.ஆர். அனுப்பும் ஒரு மெயில். இதில் எதுவும் தப்பில்லை. ஆனால் வேலையே ஆளை நோகடிக்கிற மாதிரி அமைக்கப்பட்டிருந்தால் இதெல்லாம் எவ்வளவு தூரம் உதவும்? இந்தக் கேள்விக்கு நீதிமன்றம் வரை போய், சாட்சிகளை வைத்து, ஆவணம் ஆவணமாகப் பிரித்துப் பார்த்த பதில் ஒன்று பிரான்ஸில் இருக்கிறது. அந்த நாட்டின் பெரிய தொலைபேசி நிறுவனமான பிரான்ஸ் டெலிகாம் மீதான வழக்கு. 2006-ல் ஆரம்பித்த விஷயம், கடைசித் தீர்ப்பு வந்தது 2025 ஜனவரியில்.

மேனேஜராக இருப்பவர்களும் ஹெச்.ஆரில் இருப்பவர்களும் இந்த வழக்கை ஒருமுறையாவது முழுசாகப் படிக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். தண்டனை பற்றிய செய்தியை மட்டும் பார்த்துவிட்டுப் போனால் முக்கியமான பாதி விட்டுப்போகும். பெரிய கொடுமைக்காரர்கள் யாரும் தேவைப்படாமலே, ஒரு எக்செல் பைலும் ஒரு போனஸ் விதியும் ஒரு பயிற்சி வகுப்பும் சேர்ந்து எப்படி ஆயிரக்கணக்கான பேரின் மனதை உடைத்தன என்பதுதான் அந்தப் பாதி.

(இந்தக் கட்டுரையில் தற்கொலை பற்றிய பேச்சு வருகிறது. படிக்கும்போது மனசு பாரமானால் நிறுத்திவிடுங்கள். யாரிடமாவது பேச வேண்டும் என்று தோன்றினால், இந்தியாவில் இருப்பவர்களுக்கு அரசின் டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம்.)

பின்னணி

பிரான்ஸ் டெலிகாம் முதலில் ஒரு கம்பெனியே இல்லை. தபால், தந்தி, தொலைபேசி மூன்றும் ஒரே அமைச்சகத்தின் கீழ் இருந்த காலத்தில் அது ஒரு அரசுத் துறை. 1988-ல் இந்தப் பெயர் வந்தது, 1991-ன் தொடக்கத்தில் அமைச்சகத்திலிருந்து பிரிந்தது, 1997-ல் பங்குச் சந்தைக்குப் போனது, 1998 ஜனவரியில் ஐரோப்பா முழுக்கத் தொலைபேசிச் சந்தை போட்டிக்குத் திறந்துவிடப்பட்டது. 2000-ல் பிரிட்டனின் ஆரஞ்ச் மொபைல் நிறுவனத்தைப் பெரும் விலை கொடுத்து வாங்கினார்கள். அடுத்த இரண்டே வருஷத்தில் கடன் ஏறத்தாழ 70 பில்லியன் யூரோ, 2002-ன் நஷ்டம் மட்டும் 20 பில்லியன் யூரோவுக்கு மேல். 2004-ல் அரசின் பங்கு பாதிக்குக் கீழே இறங்கியது. ஒரு பக்கம் லேண்ட்லைன் தேய்ந்துகொண்டே வர, இன்னொரு பக்கம் போட்டிக்காரர்கள் மலிவான இணையத் தொலைபேசியோடு வந்து நின்றார்கள்.

நெருக்கடி நிஜமானது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆள் குறைப்பு தேவைப்பட்டதா இல்லையா என்பது இந்த ஆய்வின் கேள்வி இல்லை, நீதிமன்றத்தின் கேள்வியும் அது இல்லை.

சிக்கல் எங்கே என்றால், பிரான்ஸில் இருந்த சுமார் 1,20,000 ஊழியர்களில் பெரும்பாலானவர்கள் அரசு ஊழியர் அந்தஸ்தோடு இருந்தவர்கள். தேர்வு எழுதி, அரசுப் பணி என்று நம்பி வந்தவர்கள். கம்பெனி தனியார்மயமானாலும் அவர்களுடைய அந்தஸ்து போகவில்லை, வேலையை விட்டு நீக்க முடியாது. ஆகவே அவர்களாகவே போனால்தான் உண்டு.

திட்டம்

2005-ல் டிடியே லொம்பார் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். அந்த ஆண்டே நெக்ஸ்ட் என்ற மூன்றாண்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதன் ஊழியர் பிரிவுக்கு ஆக்ட் என்று பெயர். 2006 முதல் 2008 வரை 22,000 பேர் வெளியேற வேண்டும், 10,000 பேர் உள்ளேயே வேறு வேலைக்கு மாற வேண்டும், 6,000 பேரைப் புதிதாக எடுக்க வேண்டும். காகிதத்தில் எல்லாமே விருப்பத்தின் பேரில் நடக்கும் வெளியேற்றம்தான்.

2006 அக்டோபர் 20 அன்று பாரிஸில் மூத்த அதிகாரிகளின் கூட்டம் ஒன்று நடந்தது. அதில் லொம்பார் சொன்னது குறிப்பில் பதிவாகி, பின்னால் நீதிமன்றத்தில் முக்கியச் சான்றாக நின்றது: 2007-ல் இந்த ஆட்களை ஏதாவது ஒரு வழியில் வெளியே அனுப்புவேன், ஜன்னல் வழியாகவோ கதவு வழியாகவோ. பலரும் இந்த வாசகத்தோடு நின்றுவிடுகிறார்கள், அதன் குரூரம் அப்படி. ஆனால் மேலே இருப்பவர் ஆயிரம் பேசலாம், அது கீழே வரும்போது என்னவாகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு 22,000 என்பது ஒரு மதிப்பீடாக இருப்பதை விட்டு, அடைந்தே தீர வேண்டிய எண்ணாக மாறியது.

எண் கீழே இறங்கிய விதம்

நாடு முழுக்க 22,000 என்றால் வட்டாரத்துக்கு இத்தனை, பிரிவுக்கு இத்தனை, கடைசியில் இருபது முப்பது பேரை வைத்து வேலை பார்க்கும் ஒரு டீம் லீடருக்கு இத்தனை என்று பிரிந்து வந்தது. மாதா மாதம் எத்தனை பேர் போனார்கள் என்று கணக்குக் கேட்கப்பட்டது. மேனேஜர்களின் ஊதியத்தில் ஒரு பகுதி, அவர்களுக்குக் கீழே எத்தனை பேர் வெளியேறினார்கள் என்பதையும் பொறுத்து அமைந்தது. 'டைம் டு மூவ்' என்று ஒரு கொள்கை வந்தது, மேனேஜர்கள் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும். இதனால் தன் ஆட்களை நன்றாகத் தெரிந்த, அவர்களுக்காக மேலே போய்ப் பேசக்கூடிய மேனேஜர் என்று ஒருவர் உருவாகவே வழியில்லாமல் போனது.

ஊழியர்கள் பக்கம் என்ன நடந்தது என்பதை விசாரணை நீதிபதிகளின் ஆவணம் விரிவாகச் சொல்கிறது. ஒழுங்கில்லாமல் அடுத்தடுத்து வந்த மறுசீரமைப்புகள், வெளியே போகச் சொல்லித் திரும்பத் திரும்பத் தூண்டுதல், கட்டாய இடமாற்றம், தாங்க முடியாத வேலைப்பளு, சிலருக்கு அதற்கு நேர்மாறாக வேலையே தராமல் உட்கார வைப்பது, தகுதிக்குக் குறைந்த வேலை, பயிற்சி இல்லாமலே புதிய பொறுப்பு, அளவுக்கு மீறிய கண்காணிப்பு, தனிமைப்படுத்தல், மிரட்டல், சம்பளக் குறைப்பு.

கம்பத்தில் ஏறி லைன் சரிபார்த்த டெக்னீஷியன்கள் கால் சென்டரில் உட்கார வைக்கப்பட்டார்கள். இதை வெறும் வேலை மாற்றம் என்று கடந்துபோகக் கூடாது. ராபர்ட் காரசெக் என்ற ஆய்வாளர் 1979-ல் முன்வைத்த ஒரு கருத்து வேலையிட மன அழுத்த ஆய்வுகளில் இன்றும் அடிப்படையாக இருக்கிறது. வேலை கடினமாக இருப்பதை விட, கடினமாகவும் இருந்து அதை எப்படிச் செய்வது என்ற முடிவு தன் கையில் இல்லாமலும் போவதுதான் ஆளை நோயாளியாக்குகிறது. வெயிலிலும் மழையிலும் கம்பம் ஏறுவது உடம்புக்குக் கஷ்டமான வேலைதான், ஆனால் எந்த லைனில் என்ன கோளாறு, அதை எப்படிச் சரிசெய்வது என்பதெல்லாம் அந்த ஆளின் கையில் இருந்தது, அந்த வட்டாரத்தில் அவருக்கு ஒரு மரியாதை இருந்தது. ஹெட்செட்டை மாட்டி, எழுதிக் கொடுத்ததைப் படித்து, ஒவ்வொரு அழைப்பும் எத்தனை நிமிடம் என்று அளக்கப்படும் இடத்தில் அவருக்கு ஏசி கிடைத்தது, முடிவெடுக்கும் உரிமை மொத்தமாகப் போனது. ஐம்பது வயதில், இருபத்தைந்து முப்பது வருஷம் பழகிய தொழிலில் நடக்கும் இந்த இழப்புக்கு எந்த மூச்சுப்பயிற்சியும் மருந்தாகாது.

துக்க வளைவு

இந்த வழக்கில் என்னை மிகவும் உலுக்கிய பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

மாற்றத்தை எப்படிக் கையாள்வது என்று மேனேஜர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அதில் ஒரு வரைபடம் இருந்தது. மரணத்தை எதிர்நோக்கும் நோயாளிகளைப் பற்றி மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-ல் எழுதிய நிலைகளிலிருந்து வந்த வரைபடம். முதலில் மறுப்பு, பிறகு கோபம், பிறகு சோர்வு, கடைசியில் ஏற்றுக்கொள்வது. உங்கள் ஊழியர்களிடம் இடமாற்றம் பற்றிச் சொன்னால் அவர்களும் இந்த வளைவில்தான் போவார்கள் என்று கற்றுக் கொடுத்தார்கள்.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். எந்த அலுவலகத்திலும் ஒருவர் வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து போய், யாரோடும் பேசாமல், கண் கலங்கி உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் இருப்பவருக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றும், போய் என்னப்பா ஆச்சு என்று கேட்பார். இந்தப் பயிற்சி எடுத்த மேனேஜருக்கு அதே காட்சி, மாற்றம் சரியான பாதையில் போகிறது, ஆள் வளைவின் அடிப்பகுதிக்கு வந்துவிட்டார், இனி மேலே ஏறுவார் என்று தெரியும். எது அபாய அறிகுறியோ அதுவே திட்டம் முன்னேறுவதற்கான அடையாளமாகிவிட்டது. அவர்கள் ஈரமில்லாதவர்கள் இல்லை. பார்ப்பதற்குக் கண்ணாடி ஒன்றை மாட்டிவிட்டார்கள், அதன் வழியாகப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது.

இன்றைக்கும் 'மாற்ற மேலாண்மை' வகுப்புகளில் இந்த வளைவு பல இடங்களில் காட்டப்படுகிறது. காட்டுகிறவர்கள் அதை இன்னொரு முறை யோசிக்க வேண்டும்.

எச்சரித்தவர்கள்

யாருக்கும் தெரியாமல் நடந்தது என்று சொல்ல வழியே இல்லை. பிரெஞ்சுச் சட்டப்படி நிறுவனங்களில் தொழில் மருத்துவர்கள் உண்டு, ஊழியர் உடல்நலக் குழுக்கள் உண்டு, அரசின் தொழிலாளர் ஆய்வாளர்கள் உண்டு. எல்லாரும் எழுதினார்கள். தூக்க மாத்திரை, நீண்ட மருத்துவ விடுப்பு, அழுகை, குடும்பத்தில் பிரச்சினை என்று மருத்துவர்கள் தங்கள் அறிக்கைகளில் குறித்தார்கள், சிலர் இப்படி வேலை பார்க்க முடியாது என்று ராஜினாமாவே செய்தார்கள். 2007-ல் தொழிற்சங்கங்கள் சேர்ந்து மன அழுத்தத்தையும் கட்டாய இடமாற்றத்தையும் கண்காணிக்க ஒரு தனி மையம் தொடங்கி, ஆய்வாளர்களை வைத்துக் கணக்கெடுப்பு நடத்தின.

நிர்வாகம் ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. 2009-க்கு முன்பே ஊழியர்கள் பேசுவதற்கென்று 'செவிமடுக்கும் குழுக்கள்' அமைக்கப்பட்டிருந்தன. அதாவது, ஒரு அறையில் ஊழியரின் வேதனையைக் கேட்க ஆள் இருந்தார், அடுத்த அறையில் அதே ஊழியரை எந்த மாதத்துக்குள் வெளியே அனுப்புவது என்று அட்டவணை இருந்தது. இரண்டும் ஒரே நிறுவனத்தின் செலவில் நடந்தன. வேதனையைக் கேட்டவருக்கு அட்டவணையைத் தொடும் அதிகாரம் இல்லை, அட்டவணையை வைத்திருந்தவருக்கு வேதனையைக் கேட்கும் கடமை இல்லை.

2009

2008, 2009 இரண்டு ஆண்டுகளில் 35 ஊழியர்கள் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டதாகக் கணக்கு சொல்கிறது. 2009 ஜூலையில் மார்செய் நகரில் இறந்த ஒரு டெக்னீஷியன், தன் முடிவுக்கு ஒரே காரணம் பிரான்ஸ் டெலிகாமில் தன் வேலைதான் என்று எழுதி வைத்திருந்தார். எப்போதும் அவசரம், அளவுக்கு மிஞ்சிய வேலை, பயிற்சி இல்லை, எங்கும் குழப்பம், பயமுறுத்தியே நடத்தும் நிர்வாகம் என்று காரணங்களையும் எழுதியிருந்தார். அந்தக் கடிதம் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது.

செப்டம்பரில் தொழிலாளர் துறை அமைச்சரைச் சந்தித்துவிட்டு வந்த லொம்பார், 'இந்தத் தற்கொலை ஃபேஷனுக்கு' முடிவு கட்ட வேண்டும் என்றார். மறுநாள் மன்னிப்புக் கேட்டார்.

அந்தச் சமயத்தில் ஒரு வாதம் கிளம்பியது, இன்றைக்கும் வேறு நிறுவனங்களில் இதே வாதம் கேட்கிறது, அதனால் சொல்லியாக வேண்டும். இத்தனை பெரிய நிறுவனத்தில், நாட்டின் சராசரித் தற்கொலை விகிதப்படி பார்த்தால் இந்த எண்ணிக்கை அசாதாரணம் இல்லை என்றார்கள். கணக்காகப் பார்த்தாலும் இது நிற்காது. பொது மக்கள்தொகையில் வேலை இல்லாதவர்களும் தீராத நோயாளிகளும் அடக்கம், வேலையில் இருப்பவர்களின் விகிதம் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஆகவே சராசரியோடு சமம் என்பது ஆறுதல் தரும் செய்தியே இல்லை. அதை விட முக்கியமானது, ஒரு ஊழியர் வேலைதான் காரணம் என்று எழுதி வைத்துவிட்டுப் போனபிறகு செய்ய வேண்டியது விகிதத்தைச் சரிபார்ப்பது இல்லை, அந்த வேலையில் என்ன நடந்தது என்று போய்ப் பார்ப்பது. தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் அபூர்வம் என்பது உண்மைதான், குடும்பம், உடல்நிலை, பழைய காயங்கள் எல்லாம் சேர்ந்து வரும். ஆனால் பல காரணங்களில் ஒன்று நிறுவனத்தின் கையில் இருக்கிறது என்றால் அதை மாற்றும் பொறுப்பும் நிறுவனத்துடையதுதான்.

கட்டாய இடமாற்றங்கள் செப்டம்பரில்தான் நிறுத்தப்பட்டன. டெக்னொலொஜியா என்ற ஆலோசனை நிறுவனம் சுமார் 1,02,000 ஊழியர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பியது, ஏறத்தாழ 80,000 பேர் நிரப்பி அனுப்பினார்கள். எந்த ஊழியர் கணக்கெடுப்புக்கும் இவ்வளவு பதில் வருவது லேசான விஷயம் இல்லை. இத்தனை நாளாகக் கேட்க ஆளில்லாமல் இருந்தது என்பதைத்தான் அந்த எண்ணிக்கை சொல்கிறது.

நீதிமன்றத்தில்

2010 பிப்ரவரியில் தொழிலாளர் ஆய்வாளர் சில்வி கத்தலா விரிவான அறிக்கை ஒன்றை அரசு வழக்கறிஞருக்கு அனுப்பினார். வழக்கு விசாரணைக்கு வர ஒன்பது ஆண்டுகள் ஆயின. 2019 மே முதல் ஜூலை வரை பாரிஸில் விசாரணை நடந்தது. 39 பேரின் நிலை தனித்தனியாக ஆராயப்பட்டது: 19 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள், 12 பேர் முயன்று பிழைத்தவர்கள், 8 பேர் மன அழுத்த நோய்க்கு ஆளானவர்கள் அல்லது வேலை செய்ய முடியாமல் போனவர்கள்.

2019 டிசம்பர் 20 அன்று தீர்ப்பு வந்தது. லொம்பாருக்கும், அவருக்கு அடுத்த நிலையில் இருந்த லூயி-பியேர் வெனெஸ், ஊழியர் பிரிவுத் தலைவர் ஒலிவியே பார்பெரோ இருவருக்கும் ஓராண்டுச் சிறை, அதில் எட்டு மாதம் நிறுத்தி வைப்பு, ஆளுக்கு 15,000 யூரோ அபராதம். 2013-லேயே ஆரஞ்ச் என்று பெயர் மாறியிருந்த நிறுவனத்துக்கு 75,000 யூரோ, சட்டம் அப்போது அனுமதித்த உச்சபட்சம் அவ்வளவுதான். உடந்தையாக இருந்ததாக வேறு நால்வருக்கும் தண்டனை. 2022 மேல்முறையீட்டில் லொம்பார், வெனெஸ் இருவரின் சிறைத் தண்டனை முழுவதும் நிறுத்தி வைக்கப்பட்டது, உடந்தை என்று சொல்லப்பட்டவர்களில் இருவர் விடுவிக்கப்பட்டார்கள், ஆனால் குற்றம் நடந்தது என்பது நின்றது. 2025 ஜனவரி 21 அன்று பிரான்ஸின் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

அந்தக் குற்றத்தின் பெயர் நிறுவனரீதியான மனத் துன்புறுத்தல். 2002-ல் பிரான்ஸ் மனத் துன்புறுத்தலைக் குற்றமாக்கிய சட்டம், ஒருவர் இன்னொருவரைத் துன்புறுத்துவதைத்தான் மனதில் வைத்தது என்று குற்றம் சாட்டப்பட்டவர்கள் தரப்பு வாதாடியது. நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. தெரிந்தே வகுத்த ஒரு கொள்கை ஊழியர்களின் வேலைச் சூழலைச் சீரழித்தால், வகுத்தவர் பாதிக்கப்பட்டவரை முகம் பார்த்திருக்க வேண்டியதில்லை.

முதல் தீர்ப்பு மூன்று விஷயங்களைத் தனியாக எடுத்துக் காட்டியது. ஆட்குறைப்பு எண்ணிக்கையை எல்லா மட்டத்திலும் விடாமல் கணக்குப் பார்த்த அழுத்தம், மேனேஜர்களின் ஊதியத்தில் வெளியேற்றம் கணக்கில் எடுக்கப்பட்டது, பயிற்சிகளின் வழியாக நடுமட்ட மேனேஜர்களை அந்தப் போக்குக்குப் பழக்கியது. இந்தப் பட்டியலில் ஒருவரையொருவர் திட்டியதோ கத்தியதோ இல்லை என்பதைக் கவனியுங்கள். டார்கெட், போனஸ், பயிற்சி. எல்லா அலுவலகத்திலும் இருக்கும் மூன்று சாதாரண விஷயங்கள்.

பிறகு என்ன மாறியது

2010 மார்ச்சில் ஸ்தெபான் ரிச்சார் நிர்வாகத் தலைவரானார். தொழிற்சங்கங்களோடு இடமாற்றம், வேலை அமைப்பு, வேலைக்கும் வீட்டுக்கும் இடையிலான நேரம் ஆகியவை பற்றி ஒப்பந்தங்கள் போடப்பட்டன. அந்த ஆண்டே புதிய சமூக ஒப்பந்தம் ஒன்று அறிவிக்கப்பட்டது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று: ஊழியர்களிடம் குறிப்பிட்ட இடைவெளியில் கருத்துக்கணிப்பு நடத்தி, அதன் முடிவு மூத்த அதிகாரிகளின் ஊதியத்தில் ஒரு பகுதியைத் தீர்மானிக்கும்படி செய்தார்கள். எந்தக் குழாய் வழியாக விஷம் இறங்கியதோ அதே குழாயைச் சுத்தம் செய்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். தீர்ப்புக்குப் பிறகு நிறுவனம் மேல்முறையீடு செய்யவில்லை, இழப்பீட்டுக்கு வழி செய்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஊதியத்தோடு கட்டிய எந்தக் கருத்துக்கணிப்பையும் வளைக்க ஆள் இருப்பார்கள், நல்ல மார்க் போடுங்கள் என்று டீமிடம் கேட்கும் மேனேஜர் எங்கும் உண்டு. அதற்காக அந்தக் கேள்வியையே கேட்காமல் விடுவது அதைவிட மோசம்.

நம் அலுவலகங்களுக்கு

சரி, 22,000 பேரை அனுப்பும் திட்டம் எதுவும் நம் கம்பெனியில் இல்லையே என்று தோன்றலாம். அளவு வேறு, வழி அதேதான். ஒரு டெலிவரி கெடு, ஒரு விற்பனை இலக்கு, கட்டாயமாக இத்தனை சதவீதம் பேரைக் கடைசி ரேட்டிங்கில் போட வேண்டும் என்ற விதி, எதுவாக இருந்தாலும் அது மேலிருந்து கீழே பிரிந்து வரும்போது கடைசி மேனேஜரின் மேஜையில் என்னவாக இறங்குகிறது என்று பாருங்கள். அந்த எண்ணை ஒருவரையும் நோகடிக்காமல் அடைய அவருக்கு வழி இருக்கிறதா? இல்லை என்றால், அங்கே அடுத்து நடக்கப்போகும் துன்புறுத்தல் அவருடைய குணத்தால் வருவது இல்லை, ஏற்கெனவே மேலே எழுதப்பட்டுவிட்டது.

உலக சுகாதார நிறுவனம் 2022 செப்டம்பரில் வேலையிட மனநலத்துக்கென்று வழிகாட்டுதல்களை வெளியிட்டது. மன அழுத்த நோயாலும் பதற்ற நோயாலும் உலகம் ஆண்டுதோறும் 12 பில்லியன் வேலை நாட்களை இழக்கிறது என்பது அதோடு சேர்த்துச் சொல்லப்பட்ட மதிப்பீடு. அந்த வழிகாட்டுதல்கள் தனிமனிதருக்கான உதவியோடு நிற்கவில்லை, வேலையின் அமைப்பை மாற்றுவதையும் மேனேஜர்களுக்குப் பயிற்சி தருவதையும் சேர்த்தே பேசுகின்றன. பிரிட்டனின் தொழிலிடப் பாதுகாப்பு ஆணையம் நெடுநாளாகவே ஆறு விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது: வேலைப்பளு, வேலையில் தனக்கிருக்கும் கட்டுப்பாடு, மேலதிகாரியின் ஆதரவு, சக ஊழியர் உறவு, என் பொறுப்பு எது என்ற தெளிவு, மாற்றங்கள் சொல்லப்படும் விதம். பிரான்ஸ் டெலிகாமை இந்த ஆறோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஒன்றுகூடத் தப்பவில்லை.

2024-ல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த வில்லியம் ஃப்ளெமிங் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் பொருந்தும். பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் பதில்களை வைத்து, தியான வகுப்பு, மனவலிமைப் பயிற்சி, நலவாழ்வு ஆப் போன்றவற்றில் கலந்துகொண்டவர்களையும் கலந்துகொள்ளாதவர்களையும் ஒப்பிட்டார். நலனில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, தன்னார்வத் தொண்டு வாய்ப்பு மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு. ஒரே நேரத்தில் எடுத்த கணக்கு என்பதால் இது கடைசி வார்த்தை இல்லை. ஆனாலும் பட்ஜெட் முழுவதையும் ஆப் சந்தாவில் போடும் முன் படிக்க வேண்டிய ஆய்வு.

கவுன்சலிங் வேண்டாம் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம், அது தப்பான பாடம். கஷ்டத்தில் இருக்கும் ஒருவருக்கு ரகசியம் காக்கும், நிறுவனத்துக்கு வெளியே இருக்கும் ஒரு மனநல நிபுணர் கிடைப்பது உயிரைக் காப்பாற்றும் விஷயம். ஆனால் அந்த நிபுணரிடம் ஒரே பிரிவிலிருந்து மாதம் நாலைந்து பேர் வருகிறார்கள் என்றால், பெயர் சொல்லாமல், அந்தப் பிரிவில் ஏதோ இருக்கிறது என்ற தகவல் மட்டும் முடிவெடுப்பவரின் காதுக்குப் போக ஒரு வழி வேண்டும். அப்படிப் போனால் அவர் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்ற விதியும் வேண்டும். பிரான்ஸ் டெலிகாமில் மருத்துவர்களின் அறிக்கைகளுக்குக் குறைவில்லை. அறிக்கை வந்தால் திட்டத்தை நிறுத்த வேண்டும் என்ற கட்டாயம்தான் யாருக்கும் இல்லை.

மேனேஜர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் டீமில் ஒருவர் மாறிப்போயிருந்தால் மனோதத்துவம் படித்துவிட்டுத்தான் பேச வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். தனியாகக் கூப்பிட்டு, கொஞ்ச நாளா நீங்க வழக்கம்போல இல்லை, வேலையில ஏதாவது பாரமா இருக்கா என்று கேளுங்கள். பதில் சொன்னால் உடனே தீர்வு சொல்ல வேண்டாம், முழுசாகக் கேளுங்கள். அப்புறம் உங்கள் கையில் இருக்கும் ஒன்றை அந்த வாரமே மாற்றுங்கள், ஒரு கெடுவைத் தள்ளுவதோ, ஒரு வேலையை வேறொருவருக்குப் பிரிப்பதோ, இரவு மெயிலை நிறுத்துவதோ. உயிரை விட்டுவிடலாம் போல இருக்கிறது என்ற அர்த்தத்தில் அவர் எதுவும் சொன்னால், அதை நேரடியாகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அவரைத் தனியாக விட்டுவிடாமல் அப்போதே மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்யுங்கள். உங்களுக்கு மேலே இருந்து வந்த எண்தான் பிரச்சினை என்றால் அதை எழுத்தில் மேலே சொல்லுங்கள், வாய்ப்பேச்சு காற்றோடு போய்விடும்.

கடைசியாக, பலரும் கவனிக்காத இடம், மருத்துவ விடுப்பு முடிந்து திரும்பி வரும் நாள். விடுப்பில் போனபோது இருந்த டீம் கலைந்திருக்கலாம், மேனேஜர் மாறியிருக்கலாம், சிஸ்டம் பாஸ்வேர்டுகூடக் காலாவதியாகியிருக்கலாம். வருவதற்கு முன்பே ஒருவர் போன் செய்து என்ன மாறியிருக்கிறது என்று சொல்லட்டும், முதல் சில வாரங்களுக்குக் குறைந்த நேரமோ குறைந்த பொறுப்போ பேசி முடிவாகட்டும், எந்த வேலை அவரை நோயில் தள்ளியதோ அதே வேலையை அதே அளவில் திரும்பக் கொடுக்காமல் இருக்கட்டும். என்ன நோய், என்ன மாத்திரை என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. எந்த ஏற்பாடு வேண்டும் என்பது தெரிந்தால் போதும், அதையும் அவரிடமே கேட்டு, அவர் சம்மதத்தோடு எழுதி வைக்க வேண்டும்.